மாதிரி விமானங்களின் பிணைச்சல்கள்: தெரிவும் பொருத்தலும்

கதவையும் நிலையையும் இணைக்கும் சிறு உலோகத் துண்டைத் தமிழ்நாட்டில் கீல் என்பார்கள். ஈழத்தில் பிணைச்சல் என்ற சொல் வழக்கில் உண்டு. கீல் என்பதற்கு உடலின் மூட்டு என்ற பொருளும் இருப்பதால்தான் மூட்டுநோய் கீல்வாதம் ஆயிற்று. இச்சொற்கள் குறிக்கும் பொருளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரண்டு பொருட்களைப் பிரியவிடாமல் பிணைத்து வைத்திருக்கவேண்டும். அதேவேளை ஒன்றைச் சுற்றி மற்றொன்று அசையவும் இடம்தரவேண்டும். வீட்டுக் கதவில் இது பிழைத்தால் கதவு கிறீச்சிடும், அல்லது நிலத்தில் தேயும். விமானச் சிறகில் பிழைத்தால் விமானம் கீழே விழும். சிறுவர்களும் பெரியவர்களும் கையால் கட்டி, வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்கும் இது பொருந்தும்.

மொன்றியல் விமானங்களோடு நெருங்கிய உறவுடைய நகரம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. இன்று ஏ220 என அழைக்கப்படும் பயணிகள் விமானம், சி சீரீஸ் என்ற பெயரில் 2013 செப்டம்பர் 16 அன்று முதன்முறையாகப் பறந்தது நகருக்கு வடக்கேயுள்ள மிராபெல்லிலிருந்துதான். மொன்றியல் பொலிதெக்னிக், ஈ.டி.எஸ்., கொன்கோர்டியா, மக்கில் ஆகியவற்றின் மாணவர் குழுக்கள் தாமே வடிவமைத்த வானொலிக் கட்டுப்பாட்டு விமானங்களுடன் எஸ்.ஏ.ஈ. நடத்தும் போட்டிகளில் பங்குபற்றி வந்துள்ளன. இவற்றுக்கு அப்பால், நீண்ட குளிர்கால மாலைகளில் சமையலறை மேசையில் பால்சா மரத்துண்டுகளை ஒட்டி விமானம் கட்டி, பனி கரைந்ததும் வெளியே எடுத்துச் செல்லும் பொழுதுபோக்காளர்களும் உண்டு. தம் பிள்ளைக்கு அப்படியொரு விமானப்பெட்டி வாங்கிக்கொடுக்க எண்ணும் பெற்றோரையும் மனத்திற்கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பெட்டியோடு வரும் கையேடு இறக்கை, வால், இயந்திரம் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லும். பிணைச்சலுக்குப் பெரும்பாலும் சில வரிகளே கிடைக்கும். ஆனால் பிணைச்சலை ஏனோதானோவென்று பொருத்த முடியாது. 2 கிலோ எடையுள்ள ஒரு மாதிரி விமானம் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 490 ஜூல். ஒரு 10 கிலோ அரிசி மூட்டையை 5 மீற்றர் உயரத்திலிருந்து போட்டால் அது நிலத்தைத் தாக்கும் ஆற்றலும் அவ்வளவுதான்.

சிறகை முறுக்கிய காலம்

விமானத்தைத் திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் மூன்று வகையான அசையும் பாகங்கள் தேவைப்படுகின்றன. சிறகின் பின்விளிம்பில் எய்லரோன், வாலின் கிடையான பகுதியில் எலிவேற்றர், நிமிர்ந்த பகுதியில் சுக்கான். படகுக்காரரிடமிருந்து விமானத்துக்கு வந்த சொல் சுக்கான். எய்லரோன் என்பது 'சிறு சிறகு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இம்மூன்றையும் சேர்த்து இக்கட்டுரையில் மடல் என்று குறிப்பிடுவோம்.

தொடக்ககால விமானங்கள் பலவற்றில் எய்லரோன் கிடையாது. மொன்றியலின் வானத்தில் 1910 யூலை 2 அன்று பறந்த விமானமே அதற்குச் சான்று. அந்த ஆண்டு புவாந்த்-கிளேர் பகுதியில் நடந்த விமானக் கண்காட்சியில் கலந்துகொண்ட ஜாக் த லெசெப்ஸ், தமது பிளேரியோ விமானத்தில் நகரின் மேலே பறந்து காட்டினார். சுயஸ் கால்வாயை வெட்டுவித்த பெர்டினன்ட் த லெசெப்ஸின் மகன் இவர். 'வண்டு' எனப் பொருள்படும் பெயரை அந்த விமானத்துக்கு இட்டிருந்தார். அதன் சிறகில் பிணைச்சல் எதுவும் இல்லை. கம்பிகளால் இழுத்துச் சிறகையே முறுக்கித்தான் விமானத்தை ஒருபக்கம் சாய்த்தார்கள். மொன்றியல் விமான அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் பிற்காலத்தில் இந்த விமானத்தின் முழு அளவுப் பிரதியொன்றைக் கட்டினார்கள்.

ஆனால் இதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1909 பெப்ரவரி 23 அன்று, நோவா ஸ்கோசியாவின் பட்டெக் என்ற ஊரில் உறைந்த ஏரியின் மேலிருந்து பறந்தெழுந்த 'சில்வர் டார்ட்' விமானத்தில் எய்லரோன்கள் இருந்தன. முறுக்கக்கூடிய சிறகு வளையக்கூடியதாக இருந்தே ஆகவேண்டும். வளையும் சிறகு வேகத்தைத் தாங்காது. சிறகை விறைப்பாகக் கட்டி, அதன் ஓரத்தில் ஒரு மடலை மட்டும் அசையவிடுவதே பிற்காலத்தில் நிலைத்த வழி. அதன் விலை என்னவென்றால், முன்பு சிறகு முழுவதும் பகிர்ந்துகொண்ட சுமை சில பிணைச்சல்களில் வந்து குவிந்துவிட்டது.

விண் கூவுவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்றியவர்களுக்கு விண் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறையில் நடக்கும் பட்டப்போட்டியைப் பார்த்தவர்களும் அறிவார்கள். வில்லில் இழுத்துக் கட்டிய நாடா ஒன்றைப் பட்டத்தின் மேல் பூட்டினால், காற்றுப்பட்டதும் அது கூவத் தொடங்கும். நாடாவை யாரும் மீட்டுவதில்லை. சீராக வீசும் காற்று நாடாவைச் சற்று ஒதுக்குகிறது. ஒதுங்கிய நாடா காற்றின் போக்கை மாற்றுகிறது. மாறிய காற்று நாடாவை மீண்டும் தள்ளுகிறது. ஒவ்வொரு அசைவிலும் காற்றிலிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு அதிர்வு வளர்கிறது.

விமான மடலிலும் இதுவே நிகழலாம். ஆங்கிலத்தில் ஃபிளட்டர் என்பதைத் தமிழில் படபடப்பு எனலாம். பிணைச்சல் தளர்ந்திருந்தால், அல்லது மடலை இயக்கும் தண்டு ஆடினால், அல்லது மடலின் எடை பிணைச்சற்கோட்டுக்குப் பின்னால் அதிகமாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டியதும் மடல் விண்ணைப்போல் அதிரத் தொடங்கும். பட்டத்தில் அந்த ஒலிக்காக நாம் காத்திருக்கிறோம். விமானத்தில் அந்த 'ர்ர்ர்' ஒலி கேட்டால் சில நொடிகளில் மடல் பிய்ந்துபோகக்கூடும். உடனே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, மூக்கை மெதுவாக உயர்த்தி வேகத்தை இழக்கச்செய்து, தரையிறக்கிவிட வேண்டும். பின்னர் பிணைச்சல், தண்டு, சேர்வோ மோட்டார் ஆகிய மூன்றையும் சோதிக்காமல் மறுபடி பறக்கவிடக்கூடாது.

பெரிய விமானங்களின் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 1916இல் பிரித்தானியாவின் ஹான்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதி பறக்கும்போது கடுமையாக அதிர்ந்தது. ஆராய்ந்த லான்செஸ்டர், இடது எலிவேற்றரும் வலது எலிவேற்றரும் தனித்தனியாக அசைய முடிந்ததே காரணம் எனக் கண்டார். இரண்டையும் விறைப்பான குழாயொன்றால் இணைப்பதே தீர்வாயிற்று. இன்றும் மாதிரி விமானப் பெட்டிகளில் இரண்டு எலிவேற்றர்களையும் இணைக்க 'ப' வடிவத்தில் வளைத்த கம்பி ஒன்று வருகிறது. அதை ஏன் தந்திருக்கிறார்கள் என்பதற்கு விடை இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது.

இரண்டாவது, 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ நகரில் விமானப் பந்தயத்தின்போது நடந்தது. பழைய பி-51 போர்விமானம் ஒன்று பார்வையாளர் பகுதியருகே விழுந்து, விமானியும் பார்வையாளர் பத்துப்பேருமாகப் பதினொருவர் உயிரிழந்தனர். எலிவேற்றரின் ஓரத்திலிருந்த ஒரு சிறுமடலைப் பொருத்திய திருகாணிகள் தளர்ந்திருந்ததை விசாரணை கண்டறிந்தது. திருகாணிகளை இறுக்கிப் பிடிக்கவேண்டிய பூட்டுச்சுரைகளின் உட்பகுதி பழுதடைந்திருந்தது. தளர்ச்சியால் விறைப்புக் குறைந்து, பந்தய வேகத்தில் படபடப்புத் தொடங்கியது. அவ்வளவு பெரிய விபத்தின் தொடக்கம் கைக்குள் அடங்கும் சில சுரைகள்தான்.

எந்தப் பிணைச்சல்?

கடையில் பல வகைகள் தொங்கும். மொன்றியல் கடைகளில் பிரெஞ்சில் கேட்பதானால் 'ஷார்னியேர்' என்று கேட்கவேண்டும். தெரிவுசெய்யும்போது இரண்டு கேள்விகள் போதும்: விமானம் எவ்வளவு பெரியது? எவ்வளவு வேகமாகப் பறக்கும்? மடலில் காற்று கொடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் பிணைச்சலின் சுமை நான்கு மடங்காகும். ஆகவே சிறிய ஆனால் வேகமான விமானத்துக்கு, பெரிய ஆனால் மெதுவான விமானத்தைவிட உறுதியான பிணைச்சல் தேவைப்படலாம்.

ஒட்டுநாடா: நுரையால் செய்த சிறு விமானங்களுக்கு இதுவே போதும். எடையே இல்லை, இடைவெளியும் இல்லை. மடலின் முன்விளிம்பை 45 பாகை சாய்வாக வெட்டி, மேற்புறம் நாடாவை ஒட்டவேண்டும். பின்னர் மடலை முழுதாக மடித்து, உட்புறத்திலும் ஒரு நாடா ஒட்டினால் இரண்டு நாடாக்களின் பசைப்பக்கங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

நூல்: பழைய முறை. வலுவான செயற்கை நூலைச் சிறகுக்கும் மடலுக்கும் இடையே 8 என்ற எழுத்தின் வடிவில் மாறிமாறித் தைப்பது. உலோகமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது பலகைகள் உடையாமல் சற்று நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். பால்சா என்பதே ஸ்பானிய மொழியில் மிதவையைக் குறிக்கும் சொல் என்பதையும், அந்த இலேசான மரம் பெரும்பாலும் எக்குவடோரிலிருந்து வருகிறது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இழைத்தாள் பிணைச்சல்: மெல்லிய பிளாஸ்ரிக் ஏட்டின் இருபுறமும் இழை படிந்த சிறு துண்டு. சயனோஅக்ரிலேற் என்னும் உடனடிப் பசையை இழைகள் உறிஞ்சி மரத்துக்குள் கொண்டுசெல்லும். ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் சிறகும் 2 முதல் 3 கிலோ வரை எடையும் உள்ள பயிற்சி விமானங்களுக்குப் பொருத்தமானது. பொருத்துவது எளிது. ஆனால் பசை உள்ளே சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது.

ஊசிப் பிணைச்சல்: நைலோன் இதழ்கள் இரண்டு, நடுவே உலோக ஊசி. வீட்டுக் கதவுப் பிணைச்சலின் குட்டி வடிவம். எடை கூடிய விமானங்களுக்கும் வேகமானவற்றுக்கும் ஏற்றது. இதழுக்குப் பதிலாக உருளைத் தண்டுகள் கொண்ட வகையும் உண்டு. அதற்குப் பிளவு வெட்டவேண்டியதில்லை, துளையிட்டால் போதும். பெரிய விமானங்களில் இதுவே அதிகம் பயன்படுகிறது.

பொருத்தும் முறை

முதலாவது, கோடு. சிறகின் பின்விளிம்பிலும் மடலின் முன்விளிம்பிலும் தடிப்பின் சரிநடுவே பென்சிலால் கோடு இழுக்கவேண்டும். இரண்டு பிணைச்சல்கள் எப்போதும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரு நேர்கோடு உண்டென்பது நாம் பள்ளியில் படித்ததே. மூன்றாவது பிணைச்சல்தான் சிக்கலைக் கொண்டுவரும். அது கோட்டிலிருந்து சற்று விலகினாலும் மடல் இறுகும். சேர்வோ மோட்டார் அதனோடு போராடி மின்கலத்தைத் தீர்க்கும். மடல் நடுநிலைக்குத் திரும்பாது. அதற்காக இரண்டோடு நிறுத்திவிடக்கூடாது. இரண்டில் ஒன்று கழன்றால் மடல் போய்விடும். மூன்றில் ஒன்று கழன்றால் தரையிறக்க வாய்ப்புண்டு. இரு முனைகளுக்கு அருகில் ஒவ்வொன்றும், இயக்கும் தண்டு பூட்டப்படும் இடத்துக்கு அருகில் ஒன்றும் வைப்பது நல்லது. நீண்ட எய்லரோனுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

இரண்டாவது, சாய்வு. மடலின் முன்விளிம்பை இருபுறமும் சீவி ஆப்பு வடிவமாக்க வேண்டும். அப்போதுதான் சிறகை ஒட்டியே நின்று மேலும் கீழும் அசைய முடியும். இடைவெளி பெரிதானால் சிறகின் கீழுள்ள அழுத்தம் கூடிய காற்று மேலே கசிந்து மடலின் பயனைக் குறைக்கும். இடைவெளி கூடக்கூடப் பிணைச்சல் வளையும் பகுதியும் நீளும், விறைப்புக் குறையும். இரண்டும் படபடப்புக்கு அழைப்பு.

மூன்றாவது, பிளவு. கூரிய கத்தியால் ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், மெல்ல மெல்லப் பலமுறை ஆழப்படுத்தவேண்டும். பால்சா நாரின் போக்கில் கத்தியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இழைத்தாள் வகைக்கு: பிளவின் நடுவே சுமார் 2.4 மில்லிமீற்றர் விட்டமும் 12 மில்லிமீற்றர் ஆழமும் உள்ள துளையிட்டால், பசை உட்கோடி வரை ஓடுவதற்கு வழி கிடைக்கும். பிணைச்சலின் நடுவே குண்டூசி ஒன்றைக் குத்திவைத்தால் இருபக்கமும் சமமாக நுழையும். மடலை இடைவெளியின்றிச் சேர்த்து, குண்டூசியை எடுத்து, மடலை முழு அளவு வளைத்து, நீர்போன்ற மெல்லிய பசையை ஐந்தாறு துளிகள் ஒவ்வொன்றாக விடவேண்டும். பின்னர் திருப்பி மறுபுறமும் அவ்வாறே. தடித்த பசை உள்ளே ஓடாது. பசையை விரைவில் இறுகச்செய்யும் தெளிப்பானையும் பயன்படுத்தக்கூடாது. பசை வாயிலிலேயே இறுகி நின்றுவிடும்.

ஊசி வகைக்கு: நைலோன் இதழ்களை அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். மூட்டில் மட்டும் சிறிது வாசலின் பூசினால் பசை அங்கே ஒட்டாது. மூட்டு மரத்தினுள் சற்றுப் பதியுமாறு குழி செதுக்கவேண்டும். ஊசியின் அச்சு மடல் திரும்பும் கோட்டிலேயே அமையவேண்டும். ஐந்து நிமிட எப்பொக்சியைவிட முப்பது நிமிட எப்பொக்சி நல்லது. எல்லாவற்றையும் நேராக்க அவகாசம் கிடைக்கும். இறுகியபின் மரத்தின் வழியே இதழையும் ஊடுருவுமாறு மெல்லிய துளையிட்டு, மூங்கில் பற்குச்சியைச் செருகி ஒட்டினால், பசை விட்டுப்போனாலும் பிணைச்சல் வெளியே வராது.

குளிரும் பசையும்

மொன்றியலில் சனவரியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 10 பாகை. யூலையில் அது 20 பாகையைத் தாண்டும். சனவரியில் ஒட்டியதுதான் யூலையில் பறக்கிறது. சயனோஅக்ரிலேற் காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரப்பதத்தைக் கொண்டு இறுகுவது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளின் காற்று மிகவும் வறண்டிருப்பதால் அது இறுக அதிக நேரம் எடுக்கலாம், பொறுமை வேண்டும். எப்பொக்சியோ குளிர்ந்த நிலவறையில் மெதுவாகவே இறுகும். விமானத்தை வெப்பமான அறைக்குக் கொண்டுவந்து ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது. ஒட்டுநாடாவின் பசை கடுங்குளிரில் விறைத்துப் பிடிப்பை இழக்கும். உறைந்த ஏரியிலிருந்து பனிச்சறுக்குக் கால்களோடு விமானம் ஏற்றுபவர்கள் நாடாப் பிணைச்சலை நம்பாமலிருப்பதே நல்லது.

இன்னொன்று: குளிர்காலத்தில் யன்னல்கள் மூடியே கிடக்கும். உடனடிப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். சிறுவர்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு யன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள், கண்ணாடி அணியச் சொல்லுங்கள். பருத்தித் துணியில் இப்பசை கொட்டினால் சுடுமளவுக்குச் சூடேறும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பறப்பதற்கு முன்

பசை நன்கு இறுகியபின் ஒரு கையால் சிறகையும் மறு கையால் மடலையும் பிடித்து, ஒவ்வொரு பிணைச்சலின் அருகிலும் உறுதியாக இழுத்துப் பார்க்கவேண்டும். தயங்கி இழுப்பதில் பயனில்லை. கழலவேண்டியது மேசையில் கழன்றால் அரைமணி நேர வேலை மட்டுமே. பின்னர், தண்டைப் பூட்டுவதற்கு முன்னர், மடல் தன் எடையாலேயே கீழே சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் பிணைச்சல்கள் இறுக்கமின்றி இருக்கின்றன. எங்காவது நின்றுவிட்டால் ஒரு பிணைச்சல் கோட்டைவிட்டு விலகியிருக்கிறது. ஒவ்வொரு முறை களத்துக்குப் போகும்போதும் இந்த இழுத்துப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும்.

கனடாவில் 2019 யூன் 1 முதல், 250 கிராமிலிருந்து 25 கிலோ வரையுள்ள தொலைக்கட்டுப்பாட்டு விமானங்களைப் பதிவுசெய்வதும், ஓட்டுபவர் சான்றிதழ் பெறுவதும் பொதுவிதியாகியுள்ளன. அடிப்படைச் சான்றிதழுக்குக் குறைந்த வயது 14. அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் பறக்கவிடலாம். அடிப்படைச் சான்றிதழோடு பறக்கவிடுபவர் தொடர்பில்லாத மக்களிடமிருந்து 30 மீற்றராவது விலகியிருக்கவேண்டும். மாதிரி விமானக் கழகமொன்றை அணுகினால் பறக்கவிட ஏற்ற களத்தையும் விதிகளையும் கேட்டறியலாம். பிணைச்சலை இழுத்துப் பார்க்க அனுபவமுள்ள இன்னொரு கையும் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் விமானத்தில் கைவைக்குமுன், மிஞ்சிய இரண்டு பால்சாத் துண்டுகளை எடுத்து ஒரு பிணைச்சலைப் பொருத்திப் பழகுங்கள். மறுநாள் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பிய்க்கச் சொல்லுங்கள். பிணைச்சல் முழுதாக உருவிக்கொண்டு வந்தால் பசை உள்ளே போகவில்லை. மரம் கிழிந்து, பிணைச்சலில் மரநார் ஒட்டியபடி வந்தால் ஒட்டு மரத்தைவிட வலுவாக இருந்திருக்கிறது. இனி விமானத்தைக் கையில் எடுக்கலாம்.